மூத்தோரும் இளையோரும்: ஹாக்கிக் குழு நடத்துவோரின் ஒரு சிக்கல்

வாழைத் தோட்டம் வைத்திருப்போன் எவனும், தாய்மரத்தை வெட்டிச் சாய்த்த பின்னர்க் கன்று தேடிப் புறப்படுவதில்லை. தாய் தழைத்து நிற்கும்போதே அதன் அடியிற் கன்று முளைத்துவிடுகின்றது. கன்றுகள் பலவாயின் தாயின் சத்தை உறிஞ்சிக் குலையைச் சிறுக்கச் செய்யும். ஆதலின் அவற்றுள் நல்லதொன்றை நிறுத்தி ஏனையவற்றைக் களைந்துவிடுவான். குலை முற்றியதும் தாயை வெட்டுவான். கன்று தாயின் இடத்தைப் பெறும். வெட்டுங் காலத்தை அறிதலும், நிறுத்தும் கன்றை அறிதலுமே அவன் தொழிலின் நுட்பம்.

மக்கட் கூட்டங்களிலும் இந்நுட்பம் வேண்டப்படுகின்றது. ஆயின் குடும்பத்திலும் அரசியலிலும் ஒரு தலைமுறை மாறுதற்கு முப்பது ஆண்டு செல்லும். அம்மாற்றத்தின் நன்மை தீமைகளை ஒருவன் இருந்து பார்த்துத் தெளிதல் அரிது. விளையாட்டுக் குழுவிலோ 18 வயதிற் புகுந்தவன் 35 வயதிற் கிழவன் எனப்படுகின்றான். நரை தோன்றுமுன்னரே முதுமை வந்துவிடும் தொழில் அது. ஆதலின் தலைமுறை மாற்றத்தை அண்மையில் வைத்து ஆராய விரும்புவோர்க்கு அதனினும் ஏற்ற இடம் இல்லை. வட அமெரிக்காவிற் பனிக்கட்டியின்மேல் ஆடப்படும் ஹாக்கியில், கூலிக்கு ஆடும் குழுக்களை நடத்துவோர் மூத்த ஆட்டக்காரர்க்கும் இளைய ஆட்டக்காரர்க்கும் இடையே எவ்வாறு தெரிவு செய்கின்றனர், அத்தெரிவு எங்கே பலித்தது, எங்கே பிழைத்தது என்பவற்றை யாம் அறிந்த அளவில் ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

தொடங்குமுன் ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். இதனை எழுதும் எமக்கு வயது பத்தொன்பது. இவ்வயதினர் எப்பக்கம் சாய்வர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. மூத்தோர் இடம் விட்டு விலகினாற் போதும், எஞ்சியதை இளையோர் பார்த்துக்கொள்வர் என்ற எண்ணத்தோடே இவ்விஷயத்தை ஆராயத் தொடங்கினோம். முடிவில் அவ்வெண்ணம் அப்படியே நிற்கவில்லை.

ஆட்டமும் சங்கமும்

நம் நாட்டார் நன்கறிந்த ஹாக்கி தரையிற் பதினொருவர் கூடி ஆடுவது. பனிக்கட்டி ஹாக்கியில் ஒரு பக்கத்துக்கு அறுவரே ஒரு சமயத்திற் களத்தில் நிற்பர். அவருள் ஒருவர் கோல் காப்பவர். காலிற் கூரிய எஃகு அலகு பொருத்திய பாதரட்சை அணிந்து பனிக்கட்டியின்மேல் வழுக்கிச் செல்வர். பந்துக்குப் பதிலாகக் கெட்டியான ரப்பர் வட்டு ஒன்றைக் கோலால் அடிப்பர். 20 நிமிஷம் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். வேகம் மிகுதியாதலின் ஒருவர் ஏறத்தாழ முக்கால் நிமிஷம் ஆடியதும் வெளியேற, அவரிடத்தில் மற்றொருவர் புகுவார். வட்டு வைத்திருப்பவனைத் தோளால் மோதித் தள்ளுதலும் விதிக்கு உட்பட்டதே. ஒரு பந்தயத்துக்கு உடுப்பணிந்து ஆயத்தமாவோர் இருபதின்மர். அவருள் இருவர் கோல் காப்போர்.

இவ்வாட்டத்திற் பெயர்பெற்ற சங்கம் நேஷனல் ஹாக்கி லீக் என்பது. 1917-ஆம் ஆண்டில் மாண்ட்ரியல் நகரில் தோன்றிய அச்சங்கத்தில் 2021 முதல் 32 குழுக்கள் உள்ளன; ஏழு கனடாவில், 25 ஐக்கிய அமெரிக்க நாடுகளில். 2025-26 வரை ஒவ்வொரு குழுவும் பருவந்தோறும் 82 பந்தயங்கள் ஆடிவந்தது. அவற்றின் முடிவில் 16 குழுக்கள் இறுதிச் சுற்றுகளுக்குத் தெரிந்தெடுக்கப்படும். நான்கு சுற்றுகள், ஒவ்வொன்றிலும் எதிரியை நான்கு முறை வெல்லல் வேண்டும். யாவரையும் வென்ற குழு, கனடாவின் கவர்னர் ஜெனரலாயிருந்த ஸ்டான்லி பிரபு 1892-ஆம் ஆண்டில் அளித்த கிண்ணத்தைப் பெறும். களத்தில் ஆட்டத்தை நடத்துபவர் பயிற்சியாளர். ஆட்களைச் சேர்ப்பவரும் நீக்குபவரும் பொது நிர்வாகி. நாம் ஆராயப் புகுந்த சிக்கல் இப்பொது நிர்வாகியின் மேசைமேற் கிடப்பது.

சிக்கலின் காரணங்கள்

வயது முதிர்ந்தவரை நீக்கி இளையவரைச் சேர்த்தலில் என்ன சிக்கல் என்று சிலர் வினவலாம். காரணம் நான்கு.

முதலாவது, உடல் தளரும் வகை. கோல் அடிக்கும் முன்னணியாளர் பெரும்பாலும் இருபத்தைந்தை ஒட்டிய ஆண்டுகளிலேயே சிறந்து விளங்குகின்றனர். முப்பதைக் கடந்தபின் கால் தளர்கின்றது. ஆயின் கண்ணும் கருத்தும் அதே வேகத்தில் தளர்வதில்லை. வட்டு எங்கே வரும் என்பதை முன்னரே உணர்ந்து அங்கே நிற்பவன் ஓடி அலைய வேண்டுவதில்லை. கோல் காப்போரும் காவலாட்டக்காரரும் முதிர்தற்கு நாட் செல்லும். முதிர்ந்தபின் நெடுநாள் நிற்பர். ஆதலின் ஒரே வயதை வைத்து எல்லாரையும் அளத்தல் இயலாது.

இரண்டாவது, சம்பள வரம்பு. முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்க்கும் நேர்ந்த பிணக்கினால் 2004-05 பருவம் முழுவதும் ஒரு பந்தயமும் நடைபெறாது ஒழிந்தது. அதன் பின்னர், குழு ஒன்று தன் ஆட்டக்காரர் அனைவர்க்கும் ஓராண்டிற் கொடுக்கும் சம்பளம் குறித்த தொகையைத் தாண்டலாகாது என்னும் விதி ஏற்பட்டது. 2005-06-இல் அத்தொகை 3 கோடியே 90 லட்சம் டாலர். 2025-26-இல் 9 கோடியே 55 லட்சம் டாலர். தொகை உயர்ந்ததேயன்றி விதி தளரவில்லை. ஒருவனுக்குக் கூட்டிக் கொடுப்பின் மற்றொருவனுக்குக் குறைத்தேயாதல் வேண்டும். எவ்வளவு செல்வம் படைத்த முதலாளியும் இதனின்று தப்ப இயலாது.

மூன்றாவது, ஒப்பந்த முறை. பதினெட்டு வயதிற் சேர்பவன் முதல் மூன்றாண்டுக்கு விதியால் வரையறுத்த சிறு சம்பளத்தையே பெறுவான். 27 வயது எய்திய பின்னரோ, ஏழு பருவங்கள் ஆடி முடித்த பின்னரோதான் தான் விரும்பும் குழுவிற்குத் தடையின்றிச் செல்லலாம். அப்பொழுதே பலரும் போட்டியிட்டு அவனுக்குப் பெருந்தொகை கொடுக்க முன்வருவர். இதன் பயன் யாது? உடலில் வலிமை மிக்கிருந்த காலத்திற் குறைந்த கூலி. வலிமை குறையத் தொடங்கும் வாயிலில் நிறைந்த கூலி. நேற்றைய ஆட்டத்துக்கு நாளைய பணத்தைக் கொடுக்கும் நிலையில் நிர்வாகி நிற்கின்றார்.

நான்காவது, புதியோரைத் தெரிந்தெடுக்கும் முறை. ஆண்டுதோறும் பதினெட்டு வயதெய்திய இளைஞரைக் குழுக்கள் முறைவைத்துத் தெரிந்தெடுக்கும். பின்தங்கிய குழுக்களுக்கே முன்னிடம். அவற்றுள்ளும் குலுக்கல் உண்டு. மிக நன்றாக ஆடுங் குழுவுக்குக் கிண்ணம் கிட்டலாம்; மிக மோசமாக ஆடுங் குழுவுக்குச் சிறந்த இளைஞன் கிட்டலாம்; இடையில் நிற்பதற்கு இரண்டும் கிட்டா. ஆண்டுதோறும் சுமாராக வெற்றிபெறுதலே ஒரு குழுவுக்கு வரக்கூடிய பெருந்தீங்கு என்னும் முரண்பாடு இங்கே பிறக்கின்றது.

டிட்ராயிட்டின் வாழைத் தோட்டம்

மூத்தோரையும் இளையோரையும் இணைத்து நெடுங்காலம் வாழ்ந்த குழு ஒன்றைச் சுட்டச் சொன்னால், டிட்ராயிட் நகரின் ரெட் விங்ஸ் குழுவையே பலரும் சுட்டுவர். 1991 முதல் 2016 வரை 25 பருவங்கள் இடையறாது அது இறுதிச் சுற்றுகளிற் புகுந்தது. 1997, 1998, 2002, 2008 ஆகிய ஆண்டுகளிற் கிண்ணத்தை வென்றது.

இதன் வரலாறு ஓர் இளைஞனிடம் தொடங்குகின்றது. 1983-ஆம் ஆண்டில் நான்காவதாகத் தெரிந்தெடுக்கப்பட்ட ஸ்டீவ் ஐசர்மன் 1986-இல், 21 வயதில், குழுத்தலைவரானார். 1988-89 பருவத்தில் அவர் அடித்த கோல்கள் 65. எனினும் கிண்ணம் கிட்டவில்லை. 1993-இற் பயிற்சியாளராக வந்த ஸ்காட்டி போமன், கோல் அடிப்பதிற் சிறிது குறைத்துக்கொண்டு எதிரியைத் தடுப்பதிற் கருத்தைச் செலுத்துமாறு அவரை வேண்டினார். புகழ்பெற்ற ஒருவர் தம் புகழுக்குக் காரணமாயிருந்ததையே குறைத்துக்கொள்ளுதல் எளிதன்று. ஐசர்மன் அதற்கு இசைந்தார். 1997-இல், அவர் சேர்ந்து பதினான்கு ஆண்டு கழித்து, அந்நகர் 1955-க்குப் பின் முதன்முறையாகக் கிண்ணத்தைக் கண்டது. தலைவரே இவ்வாறு பணிந்து மாறியபின், அங்கு வந்த இளையோர் எவரும் தமக்கு அப்பணி தகாது என்று சொல்ல இயலவில்லை.

அடுத்து, கன்று தேடிய வகை. நன்றாக ஆடுங் குழுவாதலின் டிட்ராயிட்டுக்குத் தெரிவிற் பின்னிடமே வாய்த்தது. ஆகவே பிறர் கண் செல்லாத இடங்களில் அது தேடியது. சுவீடனைச் சேர்ந்த நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் 1989-இல் 53-ஆவதாகத் தெரிந்தெடுக்கப்பட்டார். ருஷியரான பாவெல் டட்சூக் 1998-இல் 171-ஆவது; சுவீடனைச் சேர்ந்த ஹென்ரிக் ஸெட்டர்பெர்க் 1999-இல் 210-ஆவது. பிற குழுக்கள் நூற்றுக்கணக்கான பெயர்களைச் சொல்லி முடித்தபின்னும் எஞ்சியிருந்தவர்கள் இவ்விருவரும். இவர்களைக் கண்டுபிடித்ததில் ஐரோப்பாவில் அக்குழுவுக்கு ஆள் தேடிய ஹோகன் ஆண்டர்சன் என்பவர்க்குப் பெரும்பங்கு உண்டு.

கண்டுபிடித்தலினும் அரிது காத்திருத்தல். டட்சூக் 23 வயதிலும் ஸெட்டர்பெர்க் 22 வயதிலுமே டிட்ராயிட் களத்தில் இறங்கினர். அதுவரை தத்தம் நாட்டில் ஆடி முதிர்ந்தனர். வட அமெரிக்காவிற் சேர்ந்த இளையோரையும் மிச்சிகன் மாகாணத்திலேயே உள்ள கிராண்டு ராப்பிட்ஸ் என்னும் ஊரின் துணைக்குழுவில் ஈரிரண்டு ஆண்டு ஆடவிட்டனர். காய் மரத்திலேயே பழுக்கட்டும் என்பது அவர்கள் கொள்கை. பழுத்து வந்தவன் மூத்தோர் அருகில் நிறுத்தப்பட்டான். 2001-ஆம் ஆண்டில் டாமினிக் ஹாஷெக், லூக் ரொபிட்டேல், பிரெட் ஹல் என்னும் மூவரை அக்குழு சேர்த்துக்கொண்டது; மூவரும் முப்பத்தைந்தை எட்டியோ கடந்தோ இருந்தனர். அதே பருவத்தில் டட்சூக் புதியவராய் வந்து ஹல்லின் பக்கத்தில் ஆடினார். மற்றோர் இளைஞரும் சேர்ந்த அம்மூவர் வரிசை, இரு சிறுவரும் ஒரு கிழ ஆடும் என்று வேடிக்கையாக அழைக்கப்பட்டது. 2002-இற் கிண்ணம் வந்தது.

2006-இல் ஐசர்மன் ஓய்வுபெற, லிட்ஸ்ட்ரோம் தலைவரானார். 2008-இல் மீண்டும் கிண்ணம். அவ்வாண்டு இறுதிச் சுற்றுகளின் சிறந்த ஆட்டக்காரர் என்ற பரிசைப் பெற்றவர் ஸெட்டர்பெர்க். அப்பொழுது லிட்ஸ்ட்ரோமுக்கு வயது 38. அக்குழுவிலிருந்த கிறிஸ் செலியோஸுக்கு 46. ஒரே குழுவில் தந்தையும் மகனும் எனத்தக்க வயதினர் கூடியிருந்தனர். தாயும் கன்றும் ஒருங்கே நின்ற காட்சி அது.

தோட்டம் பட்டுப்போனமை

நிற்க. இத்துணைச் சிறந்த முறை ஏன் நிலைக்கவில்லை? 2012-இல் லிட்ஸ்ட்ரோம் 42 வயதில் ஓய்வுபெற்றார். அதன்பின் டிட்ராயிட் இறுதிச் சுற்றுகளிற் புகுந்ததேயன்றி வெகுதூரம் செல்லவில்லை. 2014, 2015, 2016 ஆகிய மூன்றாண்டும் முதற்சுற்றிலேயே தோற்றது. 2017-இல் அவ்விடமும் போயிற்று. அதுமுதல் 2025 வரை ஒன்பது பருவங்கள் தொடர்ந்து அக்குழு வெளியிலேயே நின்றது. 2019-20-இல் ஆடிய 71 பந்தயங்களில் வென்றவை 17 மட்டுமே.

இதற்குப் பகைவர் எவரும் காரணர் அல்லர். வெற்றியே காரணம் என்பது எம் கருத்து. சம்பள வரம்பு இல்லாத காலத்திற் செல்வமுள்ள குழு, கன்று வளர்வதற்குள் நேரும் குறையைப் பணங்கொடுத்து வாங்கிய மூத்தோரால் நிரப்பியது. வரம்பு வந்தபின் அவ்வழி அடைபட்டது. டிட்ராயிட் மட்டும் அறிந்திருந்த ஐரோப்பிய ஊர்களுக்குப் பிற குழுக்களும் வழி கண்டுகொண்டன. 210-ஆவது இடத்தில் இனி ஒரு ஸெட்டர்பெர்க் எஞ்சியிருப்பார் என்று எதிர்பார்த்தல் குருட்டு நம்பிக்கையாயிற்று. 1991-க்குப் பின் 2017 வரை தெரிவின் முதற்பத்து இடங்களுள் ஒன்றேனும் அதற்கு வாய்க்கவில்லை.

இவற்றினும் பெரியது வேறொன்று. இருபத்தைந்து ஆண்டுத் தொடர்ச்சியே குழுவுக்கு எஜமானாகிவிட்டது. அத்தொடர் அறாதிருத்தற்பொருட்டு ஆண்டுதோறும் இன்னும் ஓராண்டு என்று மூத்தோரை நிறுத்தினர். நெடிய ஒப்பந்தங்களை எழுதினர். ஸெட்டர்பெர்க்குக்கு 2009-இல் எழுதிய ஒப்பந்தம் பன்னிரண்டு ஆண்டுக்குரியது. முதுகு நோயால் 2018-உடன் அவர் ஆட்டம் முடிந்தது. டட்சூக் 2016-இல், ஒப்பந்தத்தில் ஓராண்டு எஞ்சியிருக்கத் தாய்நாடு திரும்பினார். ஆடாத அவர் பெயரால் 75 லட்சம் டாலர் வரம்பில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அச்சுமையை அரிஸோனா குழுவின் தலையில் இறக்குதற்காக டிட்ராயிட் புதியோர் தெரிவில் 16-ஆம் இடத்தைக் கொடுத்து 20-ஆம் இடத்தை ஏற்றது. மூத்தவர்க்குச் செய்த நன்றிக்கடனை இளையவன் இடத்தைக் கொண்டு தீர்க்க நேர்ந்த நிலைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இலக்கண நூலார், மொழியிற் பழஞ்சொற்கள் வழக்கொழிதலையும் புதுச்சொற்கள் வந்து சேர்தலையும் குற்றமென்று கொள்ளார். ஆயின் சொல்லுக்கும் மனிதனுக்கும் வேறுபாடு உண்டு. சொல், வழங்குவார் இன்றித் தானே மறையும். அதனை எவரும் அழைத்து, நாளை முதல் வரவேண்டா என்று சொல்லுவதில்லை. மனிதனிடம் அவ்வாறு ஒருவர் சொல்லியே ஆதல் வேண்டும். பதினைந்து ஆண்டு எலும்பு முறிய ஆடியவனிடம் அதைச் சொல்லுதற்கு நா எழாமை இயல்பு. டிட்ராயிட் நிர்வாகிகளை அறிவிலிகள் என்பது நியாயமன்று. அவர்கள் நன்றி மறவாதவர்கள். அந்நற்குணத்துக்கும் விலை உண்டு என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

2019-இல் ஐசர்மனே பொது நிர்வாகியாகத் திரும்பினார். அவ்வாண்டு அவர் ஆறாவதாகத் தெரிந்தெடுத்த ஜெர்மானியர் மாரிட்ஸ் ஸைடர், கிராண்டு ராப்பிட்ஸில் ஒரு பருவமும் சுவீடனில் ஒரு பருவமும் ஆடியபின்னரே 2021-இல் டிட்ராயிட்டுக்கு அழைக்கப்பட்டார். 2022-இல் சங்கத்தின் சிறந்த புதியவர்க்குரிய பரிசு அவரை அடைந்தது. காத்திருக்கும் பழைய வழக்கம் மட்டும் அழியவில்லை.

கன்றுகள் மட்டும் நின்ற தோட்டம்

மூத்தோரை நெடுநாள் நிறுத்தியதன் தீங்கு இதுவாயின், இளையோர் கையில் எல்லாவற்றையும் கொடுத்துவிடுதலே நெறி என்று தோன்றும். யாமும் அவ்வாறே எண்ணினோம். கனடாவின் எட்மண்டன் நகரத்து ஆயிலர்ஸ் குழுவின் வரலாறு அவ்வெண்ணத்தைத் தடுக்கின்றது.

2010, 2011, 2012 என்னும் மூன்றாண்டும் தொடர்ந்து தெரிவின் முதலிடம் எட்மண்டனுக்கே வாய்த்தது. டெய்லர் ஹால், ரையன் நியூஜென்ட்-ஹாப்கின்ஸ், நெய்ல் யாகுபோவ் என்னும் மூன்று இளைஞர் முறையே வந்தனர். இத்துணைப் பேறு பெற்ற குழு வேறில்லை என்று ஊர் மகிழ்ந்தது. விளைந்ததோ தோல்வி. 2006-07 முதல் 2015-16 வரை பத்துப் பருவங்கள் அக்குழு இறுதிச் சுற்றுகளைக் காணவில்லை. 

காரணம் யாது? பதினெட்டு வயதினன் தோற்பதற்குக் கற்றுக்கொள்ளுமுன், தோற்றபின் மறுநாள் எவ்வாறு எழுந்து பயிற்சிக்குச் செல்வது என்பதைக் காட்ட அருகில் ஒருவர் வேண்டும். அவ்வாறு காட்டத்தக்க மூத்தோர் அங்குக் குறைவு. கோலைக் காப்பதிலும் பின்வரிசையிலும் வலிமை இல்லை. முன்வரிசை இளைஞர் மீதே சுமை முழுவதும் வீழ்ந்தது. பயிற்சியாளரும் நிலைக்கவில்லை, ஹால் அங்கு ஆடிய ஆறு பருவங்களில் ஐவர்க்குக் குறையாதவர் மாறி மாறி வந்தனர். ஒருவர் சொன்னதை மற்றவர் மாற்றுவர். மாணாக்கன் யாரிடம் பாடம் கேட்பான்? 2016-இல் ஹால், காவலாட்டக்காரர் ஒருவர்க்கு ஈடாக நியூ ஜெர்ஸிக்கு அனுப்பப்பட்டார். அங்கே 2018-இற் சங்கத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றார். யாகுபோவும் அவ்வாண்டே வெளியேறினார். நியூஜென்ட்-ஹாப்கின்ஸ் ஒருவரே எஞ்சி, 2024-இலும் 2025-இலும் கிண்ணத்துக்குரிய இறுதிப் போட்டியில் ஆடினார். ஹாலினிடத்தில் ஆற்றல் இல்லாமல் இல்லை. அவ்வாற்றல் பயன்படும் சூழல் அவ்விடத்தில் இல்லை.

2015-இல் மீண்டும் முதலிடம் கிட்டியபொழுது கானர் மக்டேவிட் வந்தார். 2016 அக்டோபரில் அவர் குழுத்தலைவரானார். அப்பொழுது அவர்க்கு வயது, எம்மைப் போலவே, பத்தொன்பது. சங்க வரலாற்றில் அத்துணை இளம் வயதில் நிலையான தலைவராக நியமிக்கப்பட்டவர் அதற்குமுன் எவரும் இலர். அக்குழு 2024-இல் இறுதிப் போட்டி வரை சென்றதாயின், அதற்குள் அவர்க்கு 27 வயது ஆகிவிட்டது என்பதை மறத்தலாகாது.

அதே எட்மண்டன் 2024-இல் மறுபக்கம் சாய்ந்தது. அக்கோடையில் அனுபவமிக்க ஆட்டக்காரர் சிலர்க்கு ஒப்பந்தம் எழுதியதனால் வரம்பில் இடம் சுருங்கியது. அந்நிலை கண்டு செயின்ட் லூயிஸ் குழு, எட்மண்டனின் இரு இளைஞர்களாகிய பிலிப் ப்ரோபெர்க், டிலன் ஹாலோவே ஆகியோர்க்கு மிகுந்த சம்பளம் தர முன்வந்தது. எட்மண்டன் ஈடு கொடுக்க இயலாமல், பிற்சுற்றுத் தெரிவு உரிமைகளை ஈடாகப் பெற்று இருவரையும் விடுத்தது. அடுத்த பருவத்தில் ஹாலோவே 26 கோல் அடித்தார். பத்தாண்டுக்குமுன் மூத்தோர் இன்றி வருந்திய குழு, இப்பொழுது மூத்தோர்பொருட்டு இளையோரை இழந்தது. எனினும் அக்குழு 2025-இலும் இறுதிப் போட்டியை எய்தியதாதலின், அத்தெரிவு முழுப் பிழை என்று கூறுதற்கும் இல்லை.

இரண்டு தீர்ப்புகள்

இனி, ஒரே இடத்துக்கு இருவர் உரியராய் நிற்ப, நிர்வாகி ஒருவரைத் தெரிந்தெடுத்தே தீரவேண்டிய நிலை ஒன்றை நோக்குவாம். பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் குழுவின் கோல் காப்பவர் மார்க்-ஆண்ட்ரே ப்ளூரி. 2003-இல் முதல்வராகத் தெரிந்தெடுக்கப்பட்டு, 2009-இற் கிண்ணத்தை வென்று கொடுத்தவர். 2016-இல் அவர் அடிபட்டிருந்த வேளையில் மாட் மரே என்னும் இளைஞர் இடம்பெற்று அவ்வாண்டுக் கிண்ணத்தை வென்றார். 2017-இல் மரே அடிபட, ப்ளூரி முதலிரு சுற்றுகளையும் வென்று கொடுத்தார். மூன்றாம் சுற்றில் மரே மீண்டுவந்து கிண்ணத்தை வென்றார். அவ்வாண்டு லாஸ் வேகஸ் நகரிற் புதுக்குழு தோன்றியது. பழைய குழு ஒவ்வொன்றும் ஒரு கோல் காப்பவரையே காத்துக்கொள்ளலாம் என்பது விதி. மரேக்கு 23 வயது; ப்ளூரிக்கு 32. பிட்ஸ்பர்க் மரேயை நிறுத்தியது.

அன்று அத்தெரிவைக் குறை கூறினார் இலர். யாம் அவ்விடத்தில் இருந்தாலும் அதனையே செய்திருப்போம். நிகழ்ந்தது வேறு. ப்ளூரி புதுக்குழுவை அதன் முதற் பருவத்திலேயே 2018 இறுதிப் போட்டிக்குக் கொண்டுசென்றார். 2021-இல், 36 வயதில், சிறந்த கோல் காப்பவர் விருதைப் பெற்றார். மரேயைக் காயங்கள் தொடர்ந்து வருத்தின. 2020-இல் அவர் ஆட்டவா குழுவுக்கு அனுப்பப்பட்டார். எண்ணிக் கணக்கிட்டுச் செய்ததும் பிழைக்கலாம் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. வயது என்பது ஒரு குறிப்பேயன்றி விதியன்று.

மற்றொன்று பாஸ்டன் நகரத்தது. புரூயின்ஸ் குழுவின் தலைவராயிருந்த பிராட் மார்ஷாண்ட் 2009 முதல் அக்குழுவிலேயே ஆடியவர். 2025 மார்ச்சு மாதம், புது ஒப்பந்தத்தில் இசைவு ஏற்படாமையால், அவரைப் பாஸ்டன் ப்ளாரிடா பாந்தர்ஸ் குழுவுக்கு அனுப்பிவிட்டது. ஜூன் மாதத்தில் ப்ளாரிடாவும் எட்மண்டனும் கிண்ணத்துக்குப் பொருதன. இரண்டாம் பந்தயத்தில் ஆட்டம் முடிய 18 விநாடி இருக்கையில் எட்மண்டனின் கோரி பெரி கோல் அடித்துச் சமன்செய்தார். அவர்க்கு வயது 40. மிகை நேரத்தின் இரண்டாம் பகுதியில், காவலர் எவரும் எட்டாவண்ணம் வட்டோடு தனியே விரைந்து சென்று கோல் அடித்து முடித்தவர் மார்ஷாண்ட். அவர்க்கு வயது 37. இரு குழுவிலும் எத்தனையோ இளைஞர் இருக்க, அவ்விரவை இரு முதியோரே தம்முட் பங்கிட்டுக்கொண்டனர். கிண்ணம் ப்ளாரிடாவுக்குக் கிட்டியது.

அங்ஙனமாயிற் பாஸ்டன் செய்தது பிழையோ? அவ்வாண்டு அக்குழு இறுதிச் சுற்றுகளுக்கே தகுதி பெறவில்லை. பசித்தவனுக்கு விதைநெல் சோறு. உழவனுக்கு அது விதை. கிண்ணத்தை எட்டிப் பிடிக்கும் தூரத்திலிருந்த ப்ளாரிடாவுக்கு முப்பத்தேழு வயது மார்ஷாண்டு விலைமதிப்பற்றவர். மீண்டும் கட்டத் தொடங்கவேண்டிய பாஸ்டனுக்கு அவரினும் வருங்காலத் தெரிவுரிமை பயன்படும். ஒரே மனிதர் இரு இடத்தில் இரு வேறு மதிப்புடையராகின்றார்.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால் விளங்குவன சில. முதலாவது, மூத்தவனோ இளையவனோ என்னும் வினா தனியே நின்று விடை பெறுவதன்று. குழு இப்பொழுது எங்கே நிற்கின்றது என்பதை முதலில் அறிந்தபின்னரே அதனைக் கேட்டல் வேண்டும். இரண்டாவது, இளையவனை மூத்தவன் போனபின் கொணர்தலினும், அவன் இருக்கும்போதே அருகில் நிறுத்துதல் நன்று. டிட்ராயிட் வாழ்ந்தது அதனால், எட்மண்டன் வருந்தியது அஃதின்மையால். மூன்றாவது, நன்றி வேறு, கூலி வேறு. செய்த நன்மைக்கு மதிப்பும் மரியாதையும் கொடுத்தல் கடன்; அதனை வருங்காலத்துக் கூலியாக எழுதிக் கொடுப்பின், அக்கடனைத் தீர்ப்பவன் அப்பொழுது அவையில் இல்லாத இளையவன் ஆவான்.

இவை நிர்வாகிகளுக்கு உரியன. எம் வயதினர்க்குரியது ஒன்றும் உண்டு. 2017-இற் பிட்ஸ்பர்க் வென்ற இரவில், தலைவர் சிட்னி கிராஸ்பி கிண்ணத்தைத் தாம் உயர்த்தியபின் முதலில் ரான் ஹேன்ஸி என்னும் 36 வயதினரிடம் கொடுத்தார். 907 பந்தயம் ஆடியும் அவ்வாண்டு வரை இறுதிச் சுற்று ஒன்றையும் காணாதவர் அவர். பின்னர்க் கிண்ணம் கைமாறி ப்ளூரியிடம் வந்தது. தம் இடம் போய்விட்டது என்பதை ப்ளூரி அறிந்திருந்தார். அவர் அதனை உயர்த்திப் பிடித்தபின், தம் இடத்தைப் பெற்ற மரேயின் கையிற் கொடுத்தார்.

இடம் விடுங்கள் என்று கேட்பதற்கு இளமை ஒன்றே போதும். இவ்வாறு கொடுப்பவரிடமிருந்து பெற்றுக்கொள்ளுதற்குத் தகுதியும் வேண்டும். நம் கல்லூரியிலும் ஆண்டுதோறும் ஒரு வகுப்பு வெளியேற மற்றொன்று அவ்விருக்கையில் அமர்கின்றது. அடுத்த ஆண்டு எமக்குப் பின்னால் வருவோர் எம்மை மூத்தோர் என்பர். அன்று கன்றுக்கு நிழலாய் நின்றோமா, அதன் வெயிலை மறைத்து நின்றோமா என்பதை அவர்களே சொல்லுவர்.